பாம்பின் சட்டை துண்டு துண்டாக உரிந்தால் என்ன செய்வது?

வளர்ப்புப் பாம்பின் கூண்டில் உரித்த சட்டை ஒரே நீளமாக, மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை கிழிசல் இல்லாமல், உள்பக்கம் வெளியே வந்த காலுறை மாதிரி கிடந்தால் நீங்கள் அதை நன்றாகத்தான் வைத்திருக்கிறீர்கள். துண்டு துண்டாகக் கிடந்தாலோ, உடம்பில் அங்கங்கே காய்ந்த தாள் போல ஒட்டிக்கொண்டிருந்தாலோ, எங்கேயோ ஏதோ சரியில்லை. அந்த 'எங்கேயோ' பெரும்பாலும் பாம்பின் தோலில் இல்லை, கூண்டின் காற்றில் இருக்கிறது. புதிதாக வளர்ப்பவர்கள் இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பிடிக்காதவர்கள் சாமணத்தைத் தூக்கிக்கொண்டு பாம்பின் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படி உட்கார்ந்தவன்தான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

சட்டை எப்படி உரிகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் பின்னால் வருவதெல்லாம் இதிலிருந்துதான் புரியும். நமக்கும் தோல் உதிர்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாத தூளாக நாள் முழுக்க உதிர்கிறது. பாம்புக்கு அப்படி இல்லை. அதன் மேல்தோல் நம் நகத்தில் இருப்பதைப் போன்ற கெரட்டினால் ஆனது, கெட்டியானது, உடம்போடு சேர்ந்து வளராது. அதனால் பழைய தோலுக்கு அடியில் முழுசாக ஒரு புதுத்தோல் உருவாகிறது, அது ஏறக்குறையத் தயாரானதும் இரண்டுக்கும் நடுவில் ஒரு திரவம் ஊறுகிறது, அந்தத் திரவம்தான் பழையதைப் புதியதிலிருந்து பிரித்துவிடுகிறது. பிறகு பாம்பு முகத்தை எதிலாவது தேய்த்து உதட்டோரத்தில் கிழித்துக்கொண்டு, அதன் வழியாக ஊர்ந்து வெளியே வந்துவிடும். வளர்வதால்தான் சட்டை உரிக்கிறது என்பது பாதி உண்மை. வளர்ச்சி நின்றுபோன கிழட்டுப் பாம்பும் உரிக்கும், காயம் பட்ட பாம்பு வழக்கத்தைவிட அடிக்கடி உரிக்கும்.

குட்டிகள் சில வாரங்களுக்கு ஒருமுறை உரிக்கும். வளர்ந்தவை ஒரு மாதத்துக்கோ, இரண்டு மூன்று மாதத்துக்கோ ஒருமுறை. ஒவ்வொரு முறையும் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை சுமார் ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும்.

அறிகுறிகள் இந்த வரிசையில் வரும். நிறம் மங்கும், வயிறு லேசாக இளஞ்சிவப்பாகும், அப்புறம் ஒருநாள் பார்த்தால் கண் இரண்டும் பால் கலந்த நீலமாக இருக்கும். முதல்முறை பார்ப்பவர்கள் பாம்புக்குக் கண் போய்விட்டது என்றே பயந்துவிடுவார்கள். அது அந்தத் திரவம்தான். பாம்புக்கு இமை கிடையாது, கண்ணின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு செதில் மூடியிருக்கும், அதுவும் தோலின் ஒரு பகுதி என்பதால் அதற்குக் கீழேயும் திரவம் ஊறிக் கண்ணை மங்கலாக்கிவிடுகிறது. சில நாளில் கண் மறுபடியும் தெளியும். 'சரி, ஒன்றும் நடக்கவில்லை போல' என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, அதற்கடுத்த சில நாளில் சட்டை உரிந்து கிடக்கும்.

இந்த நாட்களில் பாம்புக்குச் சரியாகக் கண் தெரியாது, தோல் மென்மையாக இருக்கும், அதனால் எரிச்சலாக இருக்கும். சாதுவான பாம்புகூடச் சீறும். பெரும்பாலானவை சாப்பிடாது. கையில் எடுக்காதீர்கள், இரை கொடுத்து ஏன் சாப்பிடவில்லை என்று கவலைப்படாதீர்கள், தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பி வையுங்கள், அவ்வளவுதான். கண் நீலமாக இருக்கும்போதே தண்ணீரில் ஊறவைத்துத் தோலை இழுத்து 'உதவி' செய்வது வேண்டவே வேண்டாம். அடியில் இருக்கும் தோல் அப்போது இன்னும் தயாராகவில்லை, கிழித்தால் புண்தான் மிஞ்சும்.

உரித்த சட்டையைத் தூக்கிப் போடாதீர்கள்

தூக்கிப் போடுவதற்கு முன் ஒருமுறை விரித்துப் பாருங்கள் என்று சொல்ல வந்தேன். இது ஒரு பரிசோதனை அறிக்கை மாதிரி, காசில்லாமல் கிடைப்பது. முதலில் தலைப்பகுதியைத் தேடுங்கள். இரண்டு கண்ணுக்கும் இரண்டு வட்டமான, தெளிந்த வில்லைகள் மாதிரிச் செதில்கள் அதில் இருக்க வேண்டும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தெரியும். கண் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை இருந்தால் அந்தச் செதில் பாம்பின் கண்ணிலேயே தங்கியிருக்கலாம். அடுத்தது வால் நுனி, அது ஊசி மாதிரிக் கூராக முடிய வேண்டும். மொண்ணையாக முடிந்தால் நுனித்தோல் இன்னும் வாலில் இருக்கிறது. மலைப்பாம்பு, போவா வகைகள் என்றால் கழிவுத் துளைக்கு இரண்டு பக்கமும் இருக்கும் சின்ன நகம் போன்ற முட்களையும், பால் பைத்தானுக்கு (Ball python, ஒரு மலைப்பாம்பு வகை) உதட்டில் இருக்கும் வெப்பம் உணரும் குழிகளையும் பாருங்கள், அங்கேயும் சட்டை சிக்கிக்கொள்ளும். காய்ந்து சுருண்டுவிட்டால் கொஞ்சம் தண்ணீர் தெளித்து விரிக்கலாம். சட்டை பாம்பைவிட நீளமாக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம், செதில்களுக்கு நடுவில் மடிந்திருக்கும் தோலும் சேர்ந்து விரிந்துவிடுவதால் எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

ஈரப்பதம், அதுதான் முக்கால் கதை

அந்தத் திரவம் ஊறுவதற்கு உடம்பில் தண்ணீர் வேண்டும், பழைய தோல் வளைந்து கொடுப்பதற்குக் காற்றில் ஈரம் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் பழைய தோல் காய்ந்து அப்பளம் மாதிரி நொறுங்கித் துண்டு துண்டாகத்தான் வரும்.

எவ்வளவு ஈரப்பதம் என்பது இனத்தைப் பொறுத்தது. பால் பைத்தானுக்கு 60 முதல் 80 சதவீதம் வரை தேவைப்படும், கார்ன் ஸ்நேக்குக்கு 40 முதல் 60 போதும், போவாவுக்கு இரண்டுக்கும் நடுவில். வறண்ட நிலத்துப் பாம்பான சாண்ட் போவாவுக்குப் பால் பைத்தானின் ஈரத்தைக் கொடுத்தால் வேறு நோய் வரும். ஆகவே உங்கள் பாம்பு எந்த இனம், இயற்கையில் எந்த மாதிரி இடத்தில் வாழ்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு பிறகு எண்ணைப் பாருங்கள்.

அந்த எண்ணை அளக்க ஈரப்பதமானி வேண்டும், டிஜிட்டலாக இருக்கட்டும். முள் சுற்றும் வட்டமான மலிவு வகைகளை நான் நம்புவதில்லை, இரண்டை ஒரே இடத்தில் வைத்தாலும் இரண்டு கதை சொல்லும். கருவியைக் கூண்டின் கூரைப் பக்கம் ஒட்டிவைக்காமல் பாம்பு படுத்திருக்கும் உயரத்தில் வையுங்கள். விளக்கின் கீழே ஒரு அளவும் மூலையில் ஒரு அளவும் காட்டும், பாம்பு இருக்கும் இடத்தின் அளவுதான் கணக்கு.

ஈரம் எங்கே போகிறது என்றால் பெரும்பாலும் மேலே போகிறது. மூடி வலையாக இருந்து அதன் மேல் வெப்ப விளக்கும் எரிந்தால் கூண்டு ஒரு புகைபோக்கி மாதிரி வேலை செய்யும். விளக்கு இருக்கும் இடத்தை விட்டுவிட்டு வலையின் பெரும்பகுதியை மூடிவிட்டால் அளவு சட்டென்று ஏறுவதைப் பார்க்கலாம். ஆனால் முழுக்க அடைத்துவிடாதீர்கள், காற்றோட்டம் வேண்டும். தண்ணீர்க் கிண்ணம் பெரிதாக, பாம்பு உடம்பைச் சுருட்டி உட்காரும் அளவுக்கு இருந்தால் நல்லது. தரையில் தென்னை நார்த் துகள் மாதிரி ஈரம் பிடித்துவைக்கும் பொருளைப் போட்டு, மூலைகளில் தண்ணீரை ஊற்றுங்கள். அடி ஈரமாக, மேல்பரப்பு காய்ந்து இருக்க வேண்டும். தெளிப்பானால் மேலே தெளித்தால் அரை மணி நேரம் எண் ஏறும், அப்புறம் இறங்கிவிடும், மேல்பரப்பு மட்டும் நனைந்தே கிடக்கும். ஈரமான காற்று வேறு, ஈரமான தரை வேறு. இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் மனதில் வையுங்கள், கீழே மறுபடியும் வரும்.

இத்தனையும் சிரமமாகத் தோன்றினால் ஒரே ஒரு வேலை செய்யுங்கள், ஈர மறைவிடம். மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா எடுத்து, பாம்பின் பருமனைவிடக் கொஞ்சம் பெரிய ஓட்டை போட்டு, ஓட்டையின் விளிம்பைச் சொரசொரப்பு இல்லாமல் தேய்த்துவிட்டு, உள்ளே ஸ்பாக்னம் பாசியை நனைத்துச் சொட்டாத அளவுக்குப் பிழிந்து நிரப்பிவிடுங்கள். அதைக் கூண்டின் நடுவிலோ சூடான பக்கத்தை ஒட்டியோ வையுங்கள். கண் மங்க ஆரம்பித்ததும் பாம்பு தானாக அதற்குள் போய் உட்காருவதைப் பார்ப்பீர்கள். மொத்தக் கூண்டையும் ஈரமாக்காமல், பாம்புக்கு வேண்டும்போது வேண்டிய இடத்தில் ஈரம் கிடைக்கும். பூஞ்சை பிடிக்கும் முன் பாசியை மாற்றிவிடுங்கள், வாரம் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம்.

வெப்பத்தையும் பாருங்கள். கூண்டு குளிர்ந்து கிடந்தால் பாம்பின் உடம்பில் எல்லா வேலையும் மந்தமாகும், சட்டை உரிப்பதும் சேர்த்து. அப்புறம், முகம் தேய்க்க ஒரு சொரசொரப்பான மரத்துண்டு, கல், பட்டை ஏதாவது உள்ளே இருக்க வேண்டும். வழவழப்பான டப்பாவில் தாள் மட்டும் விரித்து வைத்தால் அது எதில்தான் தேய்க்கும்?

ஒட்டிக்கொண்ட சட்டையை எடுப்பது

சரி, இந்தமுறை தவறிவிட்டது, உடம்பில் திட்டுத் திட்டாகப் பழைய தோல் ஒட்டியிருக்கிறது. அவசரம் இல்லை. முதல் ஓரிரு நாள் ஈர மறைவிடத்தை வைத்து, ஈரப்பதத்தை ஏற்றிவிட்டுக் காத்திருங்கள். பல நேரம் அதிலேயே விழுந்துவிடும்.

விழவில்லை என்றால் ஊறவைக்கலாம். காற்றுத் துளைகள் உள்ள, மூடக்கூடிய டப்பாவில், பாம்பின் உடம்புப் பருமனில் பாதிக்கு மேல் போகாத ஆழத்தில் தண்ணீர் விடுங்கள், பாம்பு தலையைத் தூக்கி வைக்க நீந்த வேண்டிய அவசியம் வரக்கூடாது. தண்ணீரின் வெப்பம் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ். இங்கேதான் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். நம் கைக்கு இதமான வெதுவெதுப்பு பாம்புக்கு அதிகச் சூடு, கை வைத்தால் சூடும் இல்லை குளிரும் இல்லை என்று தோன்ற வேண்டும். சந்தேகம் என்றால் வெப்பமானியை விட்டுப் பாருங்கள். 20 நிமிடம், அதிகம் போனால் அரை மணி நேரம், பக்கத்திலேயே இருங்கள்.

பிறகு நனைத்துப் பிழிந்த ஒரு துவாலையைக் கையில் தளர்வாகப் பிடித்து அதற்குள் பாம்பை ஊர்ந்து போக விடுங்கள். நீங்கள் தேய்க்க வேண்டாம், அது நகரும் வேகத்திலேயே துணியில் தோல் சிக்கி வந்துவிடும். தலையிலிருந்து வால் பக்கமாகத்தான் போக வேண்டும், எதிர்ப்பக்கம் தேய்த்தால் செதில் தூக்கிக்கொள்ளும். வராத இடத்தை விட்டுவிடுங்கள், நாளைக்கு மறுபடியும் ஊறவைக்கலாம். காய்ந்த தோலை நகத்தால் பிய்ப்பது கூடவே கூடாது, அடியில் புதுத்தோலும் சேர்ந்து பிய்ந்து வரும். எண்ணெய் தடவலாமா என்று கேட்பார்கள். தடவினால் பளபளப்பாகத் தெரியும், அதற்கு மேல் தூசும் துகளும் ஒட்டும், வறண்ட கூண்டு வறண்டதாகவே இருக்கும்.

வால் நுனியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அங்கே தங்கும் தோல் வளையம் மாதிரி இறுகும், அடுத்த முறை அதன் மேல் இன்னொரு வளையம் சேரும், ரத்த ஓட்டம் நின்று நுனி கறுத்து உதிர்ந்துவிடும். ஊறவைத்து ஈரப் பஞ்சால் மெதுவாக நுனி நோக்கி உருட்டி எடுங்கள். ஏற்கெனவே கறுத்திருந்தால் அது மருத்துவரின் வேலை.

இனி கண். நான் சாமணத்தோடு உட்கார்ந்தது இதற்குத்தான், நல்லவேளை பாம்பு தலையை இழுத்துக்கொண்டது. கண்ணில் தங்கிய செதிலும் அதற்கடியில் இருக்க வேண்டிய செதிலும் பார்ப்பதற்கு ஒன்றேதான். பழையதை எடுக்கிறேன் என்று புதியதைப் பிடுங்கிவிட்டால் கண்ணைக் காக்க ஒன்றும் இல்லை, காய்ந்து கண்ணே போய்விடும். ஒட்டும் நாடாவை வைத்து எடுக்கும் வித்தையைச் சிலர் சொல்வார்கள், அதையும் தவிர்த்துவிடுங்கள். தவிர, கண் குழிந்தோ சுருங்கியோ தெரிந்தால் அது எப்போதும் தங்கிய செதில் இல்லை, வெறும் நீர்ச்சத்துக் குறைவாகவும் இருக்கலாம், ஈரப்பதம் ஏறினால் நிமிர்ந்துவிடும். ஈரத்தை ஏற்றி, அடுத்த சட்டை வரை காத்திருப்பது பெரும்பாலும் பாதுகாப்பான வழி, அதனுடன் பழையதும் சேர்ந்து வந்துவிடும். வரவில்லை என்றால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள், அவர் மருந்து போட்டு மென்மையாக்கி எடுப்பார். கண் வீங்கிப் புடைத்திருந்தால் காத்திருக்கவே வேண்டாம், செதிலுக்கு அடியில் சீழ் கட்டியிருக்கலாம்.

ஈரம் சரியாக இருந்தும் சட்டை சரியாக வரவில்லையா?

அப்படியென்றால் முதலில் உண்ணியைச் சந்தேகப்படுங்கள். பாம்பின் ரத்தத்தைக் குடிக்கும் இந்தச் சிற்றுண்ணிக்கு ஒஃபியோனிசஸ் நாட்ரிசிஸ் என்று பெயர், கசகசாவைவிடப் பெரிதாக இருக்காது, கறுப்பாகவோ செம்பழுப்பாகவோ நகரும். கண்ணைச் சுற்றிய விளிம்பு, தாடையின் கீழே இருக்கும் மடிப்பு, செதில்களின் அடி, இங்கெல்லாம் ஒளிந்திருக்கும். பாம்பு நாள் முழுக்கத் தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடக்கிறதா, கிண்ணத்தின் அடியில் கறுப்புப் புள்ளிகள் மூழ்கிக் கிடக்கின்றனவா என்று பாருங்கள். ஈரமான வெள்ளைத் தாளால் உடம்பை ஒருமுறை வழித்தாலும் தெரிந்துவிடும்.

வந்துவிட்டால் பாம்புக்கு மட்டும் மருந்து போட்டால் போதாது. பெண் உண்ணி ரத்தம் குடித்துவிட்டுப் பாம்பை விட்டு இறங்கிக் கூண்டின் இடுக்குகளில்தான் முட்டையிடும், முட்டையிலிருந்து முழு உண்ணியாக இரண்டு மூன்று வாரம் போதும். ஆகவே தரைப்பொருளை மொத்தமாக எறிந்துவிட்டு வெறும் காகிதம் விரியுங்கள், மரத்துண்டுகளை எறியுங்கள், கூண்டின் மூலை முடுக்கெல்லாம் வெந்நீர் விட்டுக் கழுவுங்கள், இதைச் சில வாரம் விடாமல் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். மருந்தை மருத்துவர் சொல்லட்டும். நாய்க்குப் போடும் உண்ணி மருந்தைக் குத்துமதிப்பாகத் தெளித்துப் பாம்பையே இழந்தவர்கள் உண்டு. உண்ணிக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் என்ற மருந்து ஆமைகளைக் கொன்றுவிடும் என்பதையும், வீட்டில் ஆமையும் இருந்தால், மறக்காதீர்கள்.

அடுத்தது செதில் அழுகல். மேலே ஈரமான காற்று வேறு, ஈரமான தரை வேறு என்று சொன்னேனே, அது இதற்காகத்தான். நனைந்து அழுக்கான தரையில் வயிறு எப்போதும் பட்டுக்கொண்டே இருந்தால் வயிற்றுச் செதில்கள் சிவந்து, பழுப்பாகி, கொப்புளம் கட்டிப் புண்ணாகும். சட்டை உரிய வேண்டும் என்று கூண்டைக் குளமாக்கியவர்களுக்கு இது அடுத்த பாடம். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துத் தரையைக் காயவைத்து, தினமும் காகிதம் மாற்றி, நீர்த்த போவிடோன் அயோடினால், அதாவது லேசான டீயின் நிறத்துக்குத் தண்ணீர் கலந்ததால், துடைத்துவந்தால் ஆறிவிடும். கொப்புளம், சீழ், நாற்றம் இருந்தால் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தேவைப்படும், வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாதீர்கள், கிருமி ரத்தத்தில் கலந்தால் பாம்பு பிழைப்பது கஷ்டம்.

தீக்காயமும் வயிற்றில்தான் வரும், பார்ப்பதற்கும் அழுகல் மாதிரியே இருக்கும். அடியிலிருந்து வரும் அதிகச் சூட்டை விட்டுப் பாம்பு பல நேரம் நகர்ந்துகொள்ளாது, சுட்டுக்கொண்டே படுத்திருக்கும். தெர்மோஸ்டாட் (சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் கருவி) இல்லாத வெப்பப் பாய், மின்சாரச் சூடு கல், இரண்டும் என் வீட்டுக்குள் வரக்கூடாது என்று வைத்திருக்கிறேன். காயம் ஆறினாலும் தழும்பு இருக்கும் இடத்தில் சட்டை எப்போதும் கொஞ்சம் சிக்கும், அது வாழ்நாள் முழுக்க இருக்கும், அந்த இடத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொண்டால் போதும்.

பூஞ்சை நோய் ஒன்றும் உண்டு, ஒஃபிடியோமைசிஸ் என்ற பூஞ்சையால் வருவது. முகத்தில் மஞ்சளான பொருக்கு, தடித்த செதில், வீக்கம், வழக்கத்தைவிட அடிக்கடி சட்டை உரிப்பது எல்லாம் அதன் அடையாளங்கள். இதைப் பார்வையில் உறுதி செய்ய முடியாது, பரிசோதனை வேண்டும். மற்றபடி மெலிந்த பாம்பு, தண்ணீர் குடிக்காத பாம்பு, உள்ளே வேறு நோய் உள்ள பாம்பு ஆகியவற்றுக்கும் சட்டை கெடும். ஈரம், வெப்பம், உண்ணி மூன்றையும் சரிபார்த்த பிறகும் அடுத்தடுத்து இரண்டு முறை துண்டாக உரித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், போகும்போது அந்தக் கிழிந்த சட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

புதிதாக வாங்கிய பாம்பைப் பழைய பாம்புகளோடு உடனே ஒரே அறையில் வைக்காமல் ஒன்றிலிருந்து மூன்று மாதம் தனியாக வைத்தால் உண்ணித் தொல்லையில் பெரும்பகுதி வாசலிலேயே நின்றுவிடும். ஊறவைக்கும் டப்பாவைப் பாம்புக்கென்றே ஒதுக்கிவிடுங்கள், சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள், ஊர்வனவற்றின் உடம்பில் மனிதருக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி சாதாரணமாக இருக்கும், ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அப்புறம் கூண்டின் மேல் ஒரு சின்னத் தாளை ஒட்டி, கண் மங்கிய தேதி, தெளிந்த தேதி, உரித்த தேதி, முழுசா துண்டா, அன்றைக்கு ஈரப்பதம் எவ்வளவு என்று எழுதிவாருங்கள். நாலைந்து முறைக்கு மேல், உங்கள் பாம்பு எந்த வாரம் மறைவிடத்துக்குள் போகும் என்பதை அந்தத் தாளைப் பார்த்தே சொல்லிவிடுவீர்கள், பாசியையும் அதற்கு முந்தின நாளே நனைத்துவைத்துவிடலாம்.